தாடிப் பெட்டி வாங்கிய கதை

பதிவு கொஞ்சம் நீளம். வேலையில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு ஆற அமரப் படியுங்கள். ஆம்பளைப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கட்டாயம் படியுங்கள்.

என் மகள் வயிற்றுப் பேரன் இப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். பத்தொன்பது முடியப் போகிறது. பிறந்தநாளுக்கு என்னடா வேண்டும் என்று கேட்டிருந்தேன். சட்டை, வாட்ச் என்று ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். கறுப்புப் பெட்டி, அதற்குள் ஒன்பது சாமான். 'பியர்ட் குரூமிங் கிட்' என்று பெயர். விலை 2,499 ரூபாய். கீழே ஒரு வரி: "அம்மாச்சி, இது மட்டும் போதும்."

தாடி என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் தாடிகள்தான். திருவள்ளுவர், தாகூர், பெரியார். வீட்டில் தாடி வைத்தவர்கள் யாரும் கிடையாது. எங்கள் அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பமரத்தடியில் பாக்கெட் கண்ணாடியைக் கிளையில் செருகிவைத்துச் சவரம் செய்வார். ஒரு தகரடப்பா. அதில் பிரஷ், சோப்புக் கிண்ணம், ரேசர், படிகாரக் கட்டி. அவ்வளவுதான் அவருடைய கிட். அந்தப் படிகாரக் கட்டி அவர் காலத்துக்குப் பிறகும் தேயாமல் கிடந்தது. என் வீட்டுக்காரரும் தினசரி மழுமழு ஆள். ஐயப்பனுக்கு மாலை போட்ட வருடங்களில் மட்டும் கார்த்திகை ஒன்றாம் தேதியிலிருந்து வளர்ப்பார். மலைக்குப் போய் வந்த மறுநாளே எடுத்துவிடுவார். தேனியிலிருந்து கம்பம், குமுளி வரைக்கும் அந்த நாற்பத்தொரு நாளும் டீக்கடை, பஸ், பாங்கு எங்கே பார்த்தாலும் தாடியாகத்தானே இருக்கும். நம் பள்ளத்தாக்கில் தாடிக்கென்று ஒரு பருவமே உண்டு.

கேட்டதை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத கை இது. பெட்டியின் பின்பக்கப் படத்தைப் பெரிதுபண்ணிப் பார்த்தேன். டிரிம்மர், கத்தரி, மரச்சீப்பு, பிரஷ், தாடி எண்ணெய், தாடி பாம், தாடி வாஷ், எட்டாவதாக 'குரோத் சீரம்', ஒன்பதாவதாக இவற்றைப் போட்டு வைக்கும் பை. பையையும் ஒரு சாமானாக எண்ணியிருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை இப்படிக் கணக்குப் போட்டால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

இந்தத் தாடி வியாபாரம் சின்ன வியாபாரம் என்று நினைக்க வேண்டாம். பாராசூட் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனம் 2017-இல் 'பியர்டோ' என்ற தாடிச் சாமான் நிறுவனத்தில் 45 சதவீதப் பங்கு வாங்கி, 2020-இல் முழுவதையும் வாங்கிக்கொண்டது. பொம்பளைகள் தலைக்கு எண்ணெய் விற்றவர்கள் ஆம்பளைகள் தாடைக்கும் விற்க வந்துவிட்டார்கள். விற்கட்டும். எது தேவை, எது தேவையில்லை என்று சொல்ல நமக்கு ஒரு ஆள் வேண்டுமே.

ஆள் இருந்தான். தொண்ணூறுகளில் என்னிடம் நான்காம் வகுப்புப் படித்தவன், சின்னமனூர்ப் பக்கம் சலூன் வைத்திருக்கிறான். அவன் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றான். அறுபது வயதைத் தாண்டி முதல்முறையாக ஆம்பளைகள் சலூனுக்குள் காலெடுத்து வைத்தேன். நாற்காலியில் பாதி முகம் நுரையோடு இருந்தவர் பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தார். "நீங்க உக்காருங்கண்ணே, எங்க டீச்சர்" என்று அவரை அமுக்கி உட்காரவைத்துவிட்டு எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த அந்த ஊரில் முடி வெட்டாமல் வரும் பையன்களைப் பிரேயரில் தனியாக நிறுத்துவது வழக்கமாக இருந்தது. காலனிப் பிள்ளைகள்தான் அதிகம் நிற்பார்கள். காரணம் ஊருக்கே தெரியும். உள்ளூர்க் கடையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. அப்பன்மார் கூலி வேலையை விட்டுவிட்டு டவுனுக்குப் பஸ் ஏறினால்தான் பிள்ளைக்கு முடி வெட்ட முடியும். இப்படி மறுப்பது குற்றம் என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. ஊருக்குள் வரத்தான் அதற்குப் பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பிள்ளைகளை நிறுத்தக் கூடாது என்று நான் சண்டை போட்டது இவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இவன் அப்பா வீட்டுத் திண்ணையில் கத்தரியை வைத்துக்கொண்டு தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் வெட்டிவிடுவார். அங்கே கற்ற தொழில்தான் இது. அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் யார் யாரோ வந்து கண்ணை மூடிக் கழுத்தை நீட்டினார்கள். கத்தி இவன் கையில் இருந்தது.

போனில் படத்தைக் காட்டினேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"டீச்சர், தம்பிக்குத் தாடி எம்புட்டு இருக்கு?"

"மீசை இருக்கு. தாடை நுனியில கொஞ்சம். கன்னத்துல அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணு."

"அப்பறம் எதுக்கு டீச்சர் இம்புட்டு? வெள்ளாமையே இல்லாத காட்டுக்கு அறுப்பு மெசினா?" என்றான். நுரை முகத்துக்காரர் சிரித்துவிட்டார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் டைரியில் எழுதிக்கொண்டேன்.

டிரிம்மர் ஒன்றுதான் காசு போட வேண்டிய சாமான். மூக்கு முடிக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று ஏழெட்டுத் தலை மாட்டுகிற மாடல் வேண்டாம். தாடிக்கு மட்டும் உள்ளது போதும். பார்க்க வேண்டியது மூன்று. மேலே மாட்டும் சீப்பு எத்தனை மில்லிமீட்டரில் ஆரம்பித்து எத்தனை வரை போகிறது, பிளேடைக் கழற்றித் தண்ணீரில் கழுவ முடியுமா, மாற்று பிளேடு தனியாகக் கிடைக்கிறதா. பிளேடு கிடைக்காவிட்டால் ரெண்டு வருடத்தில் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான். தாடி ஒரு நாளைக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர் வளர்கிறது. வாரத்துக்கு மூன்று மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மில்லிமீட்டர் தாடி வைத்திருப்பவன் வாரம் ஒருமுறை ஓட்டினால்தான் அது ஐந்தாகவே இருக்கும்.

"ஈரத்தாடியில மெசினை ஓட்டக் கூடாது டீச்சர். நனைஞ்சா முடி நீளமாத் தெரியும், ஒட்ட வெட்டிருவாங்க. காஞ்சப்புறம் குறையுதேன்னு இங்க ஓடி வருவாங்க." பெரிய நம்பர் சீப்பில் ஆரம்பித்துப் படிப்படியாக இறங்க வேண்டுமாம். கழுத்துப் பக்கம் எல்லை எங்கே என்றால், குரல்வளை மேட்டுக்கு மேலே இரண்டு விரல் கிடை. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். தாடையை ஒட்டி மேலே ஏற்றிவிட்டால் முகத்துக்கு ஒட்டவைத்த தாடி மாதிரி இருக்குமாம். இதைக் கேட்ட பிறகு பஸ்ஸில் வருகிறவர்கள் கழுத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதிப் பேர் எல்லை தாண்டியவர்கள்தான்.

டிரிம்மரையும் ரேசரையும் ஹாஸ்டலில் யாருக்கும் இரவல் கொடுக்கக் கூடாது. மஞ்சள்காமாலையில் 'ஹெபடைடிஸ் பி' என்ற வகை ரத்தத்தால் பரவுவது. கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும். சலூன்களில் அரை பிளேடை உங்கள் கண் முன்னால் உடைத்து மாட்டுவது இதற்காகத்தான். மாட்டாவிட்டால் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

எண்ணெய்க்கு வருகிறேன். முப்பது மில்லி குப்பி தனியாக 300 ரூபாய். கணக்குப் போட்டேன். லிட்டர் பத்தாயிரம் ரூபாய்! செக்கு நல்லெண்ணெய் லிட்டர் நானூறு சொச்சத்துக்கு வாங்கும்போதே நாம் செக்குக்காரரிடம் பேரம் பேசுகிறோம். குப்பியில் என்னதான் இருக்கிறது என்று பார்த்தால் பாதாம் எண்ணெய், ஆர்கான், ஜோஜோபா, அதோடு திராட்சை விதை எண்ணெய். நம் ஊர்ப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். கூடலூர், கம்பம், அனுமந்தன்பட்டிப் பக்கம் வாய் நிறையப் போட்டு, கொட்டையைத் துப்பிக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். அதே திராட்சைக் கொட்டையின் எண்ணெய் எங்கிருந்தோ குப்பியில் வந்து தாடிக்குப் பத்தாயிரம் ரூபாய் விலை சொல்கிறது. தோட்டம் வைத்திருக்கும் மாணவர்கள் இதை யோசிக்கலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எண்ணெய் தேவையே இல்லை என்றும் சொல்ல முடியாது. நீளத் தாடி வைத்தவர்களுக்கு அடித்தோல் வறண்டு பொடுகு உதிரும், அவர்களுக்கு ரெண்டு சொட்டு நல்லது. பேரனுக்கு முகமே பரு. பரு உள்ள முகத்தில் எண்ணெய் பூசினால் துவாரம் அடைத்துப் பருதான் கூடும். பாம் என்பது தேன்மெழுகும் கொழுப்பும் கலந்தது, நீளமான தாடி சிலுப்பிக்கொண்டு நிற்காமல் படிய வைக்க. அவனுக்குப் படிய வைக்க என்ன இருக்கிறது? தாடி வாஷ் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. குளிக்கிற சோப்பின் காரத்தன்மை பிஎச் கணக்கில் 9, 10 வரை போகும். முகத்தோல் லேசான அமிலம், 5 பக்கம். சோப்பு தோலை வறட்டிவிடும். ஆனால் அவன் ஏற்கெனவே போடும் மென்மையான முகக்கழுவியே தாடிக்கும் போதும், தனிக் குப்பி அவசியமில்லை.

பிரஷ்ஷில் ஒரு விஷயம் கவனித்தேன். 'போர் பிரிசில்' என்று எழுதியிருந்தது. பன்றி முடி. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் எனக்கு எத்தனையோ ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள் மாணவர்கள். சுன்னத்தாகத் தாடி வைத்திருப்பவர்கள் பலர். அவர்களுக்கு யாராவது அன்பாக இந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? பரிசு கொடுக்கிறவர்கள் அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள். செயற்கை இழைப் பிரஷ்ஷும் கடையில் இருக்கிறது. நம் வேப்பமரச் சீப்பு அதைவிட நல்லது.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். எட்டாவது சாமான் ஒன்று இருக்கிறதே, அந்த சீரம். அதன் படத்தைப் பார்த்ததும் சலூன்காரன் முகம் மாறியது.

"இது மினாக்ஸிடில் டீச்சர். அஞ்சு பர்சன்ட். இப்ப பயலுக பூராம் இதத்தான் பூசுறாய்ங்க. போன மாசம் ஒருத்தன் கன்னம் பூரா தோலு உரிஞ்சு வந்து நிக்கான். தம்பி ஏற்கெனவே பூசுதான்னு கேளுங்க."

அன்று ராத்திரி போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை. "எட்டாம் நம்பர் பாட்டிலை நீ இப்பவே பூசுறியாடா?"

பதில் வர நேரமாயிற்று. "ரெண்டு மாசமா, அம்மாச்சி. அம்மாட்ட சொல்லிராதீங்க."

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"பூசிட்டுப் படுத்தா சில நாள் நெஞ்சு படபடன்னு இருக்கும். தலை லேசா சுத்தும். அது பரீட்சை டென்ஷன்னு நெனச்சேன்."

என் வயிறு கலங்கியது. மறுநாள் காலையிலேயே போடி போய் இறங்கினேன். மகளிடம் நானே பக்குவமாகச் சொல்லி, மூன்று பேரும் க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோல் பிரிவில் இருந்த டாக்டரம்மா சின்னப் பெண். அவனைத் திட்டவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தார், இசிஜி எடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். மினாக்ஸிடில் முதலில் ரத்தக்கொதிப்புக்கான மாத்திரை. ரத்தக் குழாயை விரிக்கும். 1970-களில் அதைச் சாப்பிட்டவர்களுக்கு எங்கெங்கோ முடி முளைத்ததைப் பார்த்துத்தான் வழுக்கைக்குப் பூசும் மருந்தாக மாற்றினார்கள். 1988-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி தலைக்கு. முகத்துக்கு இல்லை. தாடிக்குப் பூசிப் பார்த்த ஆய்வும் உண்டு. தாய்லாந்தில் 16 வாரம் பூசிப் பார்த்ததில் கொஞ்சம் பலன் இருந்ததாக 2016-இல் வெளியிட்டார்கள். ஆக, சுத்தப் பொய் மருந்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது மருந்து. தோல் வழியாகக் கொஞ்சம் ரத்தத்துக்குள்ளும் போகும், தோல் எரிந்து உரிந்திருந்தால் இன்னும் கூடுதலாகப் போகும். படபடப்பு, மயக்கம், கைகால் வீக்கம் வந்தால் உடனே நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும். அதைச் சீப்போடும் கத்தரியோடும் ஒரே பெட்டியில் போட்டு, பிறந்தநாள் பரிசு மாதிரி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கிளம்பும்போது டாக்டரம்மா, "வீட்டில் பூனை உண்டா?" என்று கேட்டார். உண்டு. கருப்பி. ராத்திரி அவன் தலையணையில்தான் படுக்கும், கன்னத்தை நக்கும். இந்த மருந்து பூனைகளுக்கு விஷம், துளி அளவு கூட உயிருக்கு ஆபத்து என்றார். பேரன் முகம் வெளுத்துவிட்டது. நெஞ்சு படபடப்புக்குப் பயப்படாதவன் கருப்பிக்குப் பயந்தான். வீட்டுக்குப் போனதும் தலையணை உறையைக் கழற்றித் துவைத்தான், அவனாகவே. கருப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் மாடியில் அவனோடு உட்கார்ந்திருந்தேன். ஏன்டா என்று கேட்டேன். வகுப்பில் எல்லோருக்கும் தாடி வந்துவிட்டதாம். இவனை 'எட்டாங்கிளாஸ்' என்று கூப்பிடுகிறார்களாம். ஒரு பெண் சிரித்தாளாம். சிரிக்கிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை. பெண் பிள்ளைகள் முகப்பருவுக்கும் நிறத்துக்கும் படும் பாட்டை முப்பது வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். சிவப்பழகு கிரீமைத் திருட்டுத்தனமாகப் பூசிக்கொண்டு வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் தெரியும். பையன்களுக்கும் இப்போது அதே வலையை விரித்துவிட்டார்கள். அவர்கள் வாய்விட்டுச் சொல்வதுமில்லை.

தாடி என்பது ஆண்களுக்குச் சுரக்கும் ஹார்மோனும், அந்த ஹார்மோனுக்கு வேர்க்கால் எவ்வளவு செவி சாய்க்கிறது என்பதும் சேர்ந்த கணக்கு. செவி சாய்ப்பது பரம்பரையில் வருவது. கன்னம் நிரம்ப இருபத்தைந்து, அதற்கு மேலும்கூட ஆகலாம். அவன் அப்பாவின் கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்தேன். இருபத்தேழு வயது மாப்பிள்ளை, கன்னம் இவனுடையது மாதிரியே சொட்டை சொட்டை. இன்றைக்கு அதே மனிதருக்கு ரெண்டு நாள் எடுக்காவிட்டால் முகம் தெரியாது. பேரன் ஆல்பத்தைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டான்.

அடிக்கடி சிரைத்தால் அடர்த்தியாக வளரும் என்று எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் யோசனை சொன்னார். அதுவும் கிடையாது. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் சவரம் செய்த முடியை அளந்து பார்த்து, தடிமனும் கூடவில்லை, வேகமும் கூடவில்லை என்று 1928-லேயே எழுதிவிட்டார். வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் கையில் சொரசொரவென்று படுகிறது, அவ்வளவுதான். டிராட்டர் ஒரு பெண் என்பதைப் படித்தபோது எனக்குத் தனிச் சந்தோஷம். சலூன் படியேறியதில் நான் முதல் ஆள் இல்லை.

தாடி நரைத்துக் கறுப்படிக்கும் என் மூத்த மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, தெரியும். கறுப்புச் சாயத்தில் பிபிடி என்று ஒரு ரசாயனம் இருக்கும். சிலர் முகம் பூசணிக்காயாக வீங்குவது அதனால்தான். காதுக்குப் பின்னால் துளி தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். வெள்ளைத் தாடியும் உங்களுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

கடைசியில் வாங்கியது இவ்வளவு. டிரிம்மர் 1,100. கத்தரி 150. வேப்பமரச் சீப்பு 40. நாட்டு மருந்துக் கடையில் சின்னக் குப்பி பாதாம் எண்ணெய் 120, அதுவும் பரு அடங்கிய பிறகு பூச. மொத்தம் 1,410 ரூபாய். அப்பாவின் தகரடப்பாவைப் பரணிலிருந்து இறக்கி, துரு தேய்த்துத் துடைத்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்துக் கொடுத்தேன். டிரிம்மர் மட்டும் உள்ளே அடங்கவில்லை. மீதி 1,089 ரூபாயைக் கையில் கேட்டு வாங்கிக்கொண்டான், இந்தக் காலத்துப் பிள்ளை.

நேற்று போட்டோ அனுப்பியிருந்தான். மீசையும் தாடை நுனியும் மட்டும் மூன்று மில்லிமீட்டரில் ஒழுங்காக, கன்னம் சுத்தமாக. சலூன்காரன் யோசனையாம். இருக்கிற இடத்தில் மட்டும் வைத்துக்கொள், இல்லாத இடத்தை மழித்துவிடு என்றானாம். மடியில் கருப்பி. 'எட்டாங்கிளாஸ்' என்று கூப்பிடுவது நின்றுவிட்டதா என்று கேட்டேன். "இல்ல அம்மாச்சி, இப்ப ஒம்பதாங்கிளாஸ்" என்று பதில் போட்டிருக்கிறான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்